ஏசாயாவில் இல்லாத மூன்று வசனங்கள்

பதினோரு வருஷம் இருக்கும். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பெரிய பிள்ளைகள் வகுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஆலயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடி, இருபது பிள்ளைகள், ஒரு கரும்பலகை. இரண்டு ராத்திரி கண்விழித்து ஒரு சார்ட் எழுதி வைத்திருந்தேன். தலைப்பு: ‘தொல்லியல் நிரூபித்த வேதம்’. 1961இல் செசரியாவில் கிடைத்த, பிலாத்துவின் பெயர் பொறித்த கல். 1993இல் தேல் தாண் மேட்டில் கிடைத்த, ‘தாவீதின் வீடு’ என்ற சொல் உள்ள கல்வெட்டுத் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும், அசீரிய ராஜா சனகெரிபின் களிமண் தூண். ஆறு பட்டை, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம், உடம்பு முழுக்க ஆப்பு வடிவ எழுத்து. அதில் யூதாவின் ராஜா எசேக்கியாவின் பெயரே இருக்கிறது என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

பாடத்தைக் கொஞ்சம் கலகலப்பாக்கலாம் என்று பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்தேன். ஒரு அணிக்கு 2 இராஜாக்கள் 18. இன்னொரு அணிக்கு ஏசாயா 36. இரண்டிலும் ஒரே சரித்திரம், ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை. இவர்கள் ஒரு வசனம் வாசித்தால் அவர்கள் அதையே தங்கள் புத்தகத்திலிருந்து வாசிக்க வேண்டும். முதல் வசனம் சரியாகப் போனது. எசேக்கியாவின் பதினாலாம் வருஷத்தில் சனகெரிப் வந்து யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்தான். இராஜாக்கள் அணி அடுத்த வசனத்துக்குப் போனது. எசேக்கியா, சனகெரிப் இருந்த லாகீஸ் பட்டணத்துக்கு ஆள் அனுப்பி, ‘நான் குற்றஞ்செய்தேன்’ என்கிறான். முந்நூறு தாலந்து வெள்ளி, முப்பது தாலந்து பொன் என்று தண்டம் விழுகிறது. ஆலயத்து வெள்ளியை எல்லாம் வழித்துக் கொடுக்கிறான். தானே கதவுகளுக்குப் போட்டிருந்த தங்கத் தகட்டையும் உரித்துக் கொடுக்கிறான். ஏசாயா அணியில் சத்தமே இல்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “அண்ணா, எங்கள்ல அது இல்ல” என்றாள்.

எது இல்லை என்று கேட்டேன். “அவர் மன்னிப்புக் கேட்டது, பணம் கட்டுனது. எங்கள்ல சனகெரிப் வந்தான், ஊரெல்லாம் பிடிச்சான், உடனே அவன் அதிகாரி ரப்சாக்கே வந்து நிக்கிறான்.” ஏசாயா சுருக்கி எழுதியிருக்கிறார் என்று சமாளித்தேன். அவள் உட்காரவில்லை. “மத்ததெல்லாம் அப்படியே இருக்கே அண்ணா. இத மட்டும் ஏன் சுருக்கணும்?” நல்லவேளை, சர்பத் வந்துவிட்டது. பிள்ளைகள் டம்ளர் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். எனக்குத்தான் தொண்டையில் ஏதோ நின்றுகொண்டது.

என் வேலை கணக்குத் தணிக்கை. ஒரு கம்பெனியின் ரொக்கப் புத்தகத்தையும் வங்கி அனுப்பும் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் அடிப்பதில்தான் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரி எதுவோ, அன்றைய வேலை அதுதான். மற்றதெல்லாம் சரியாக இருக்க, ஒரு வரி மட்டும் ஏன் இல்லை? நான் அடுத்தவர் ஆபீஸில் போய் உட்கார்ந்து கேட்கிற கேள்வியை அந்தப் பிள்ளை என்னிடமே கேட்டுவிட்டாள். நானோ, எத்தனையோ கணக்காளர்கள் என்னிடம் சொல்லி நான் ஏற்றுக்கொள்ளாத அதே பதிலைச் சொல்லி அவளை உட்காரவைக்கப் பார்த்தேன்.

இரண்டு கட்சி

எங்கள் குடும்பத்தில் இந்த விவாதம் புதிதல்ல. தாத்தா உபதேசியார். அக்காவைக் கட்டிய அத்தான் கருப்புச் சட்டைக்காரர். கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அத்தான் ஆரம்பிப்பார்: “மாப்ள, தேவதூதன் வந்து ஒரே ராத்திரியில லட்சத்தெண்பத்தையாயிரம் அசீரியனைக் கொன்னான்னு உங்க வேதம் சொல்லுது. பொதைக்க எத்தன பேர் வேணும்னு கணக்குப் போட்டியா? நீ ஆடிட்டர்தானே?” நான் உடனே களிமண் தூணை எடுத்து வீசுவேன். எசேக்கியா இருந்தார், சனகெரிப் வந்தான், எருசலேமைப் பிடிக்க முடியாமல் போனான், எதிரியே எழுதி வைத்திருக்கிறான், போதுமா? அத்தான், “அதுல தேவதூதன் இருக்கானா?” என்பார். நான், “தோத்தவன் அத எழுதுவானா?” என்பேன். அக்கா காபி கொண்டுவரும்போது முடியும். அடுத்த வருஷம் அதே இடத்திலிருந்து தொடரும்.

வேப்பமரத்தடிக்குப் பிறகுதான் எங்கள் சண்டை எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று புரிந்தது. இருவருமே அந்தத் தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படித்ததில்லை. சரியாகச் சொன்னால், நான் 2 இராஜாக்கள் 18ஐயும் முழுதாகப் படித்ததில்லை. ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்த கதையில் ரப்சாக்கே வருவான், மதிலுக்குக் கீழே நின்று திட்டுவான், எசேக்கியா இரட்டுடுத்திக்கொண்டு ஜெபிப்பார், தேவதூதன் வருவான். ‘அதிகாலமே எழுந்திருக்கும்போது, இதோ, அவர்கள் எல்லாரும் செத்த பிரேதங்களாய்க் கிடந்தார்கள்’ என்ற வரியில் ‘எழுந்தது யார் சார்?’ என்று நாங்கள் கேட்டு அடி வாங்கியதும் நினைவிருக்கிறது. தண்டம் கட்டிய மூன்று வசனங்களை யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. ஏசாயா புத்தகம் செய்ததையே எங்கள் ஞாயிறு பள்ளியும் செய்திருக்கிறது.

டேலி ஆகும் வரி, ஆகாத வரி

சரி, இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம் என்று உட்கார்ந்தேன். சனகெரிப் யூதாவுக்கு வந்தது கி.மு. 701. அவன் ஆட்கள் அதை எழுத அதிகக் காலம் எடுக்கவில்லை. ரஸ்ஸாம் உருளை என்று அழைக்கப்படும் முதல் பிரதி கி.மு. 700ஐச் சேர்ந்தது. என் சார்ட்டில் இருந்த தூண் கி.மு. 691இல் எழுதிய பிற்காலப் பிரதி. அதில் இருப்பது இது: என் நுகத்துக்குப் பணியாத யூதாவின் எசேக்கியாவின் 46 அரணான பட்டணங்களை முற்றுகையிட்டுப் பிடித்தேன். 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்தேன். அவனையோ அவன் தலைநகரான எருசலேமில் கூண்டுப் பறவை போல அடைத்தேன். பிறகு அவன் பயந்துபோய் முப்பது தாலந்து பொன், எண்ணூறு தாலந்து வெள்ளி, தன் மகள்கள், அரண்மனைப் பெண்கள், பாட்டுக்காரர்கள் எல்லோரையும் எனக்குப் பின்னால் என் தலைநகரான நினிவேக்கு அனுப்பினான்.

முப்பது தாலந்து பொன். நான் பேனாவைக் கீழே வைத்த இடம் இது. எருசலேமில் எபிரேய மொழியில் எழுதிய ஒருவரும், நினிவேயில் அக்காதிய மொழியில் எழுதிய ஒருவரும், ஒருவர் புத்தகத்தை மற்றவர் பார்க்க வழியே இல்லாமல், ஒரே தொகையை எழுதியிருக்கிறார்கள். வெள்ளி ஒத்துப்போகவில்லை. இங்கே முந்நூறு, அங்கே எண்ணூறு. தாலந்தின் எடை ஊருக்கு ஊர் வேறு என்கிறார்கள் சிலர், அசீரியன் மற்ற உலோகத்தையும் சேர்த்து எழுதினான் என்கிறார்கள் வேறு சிலர், சும்மா ஏற்றி எழுதினான் என்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்த வித்தியாசம் தொந்தரவாக இல்லை. இரண்டு புத்தகமும் பைசா சுத்தமாக ஒத்துப்போனால்தான் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினாரோ என்று நான் சந்தேகப்படுவேன். ஒன்று ஒத்து, ஒன்று விலகி இருந்தால் இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லும் அத்தானுக்கு நான் இன்றுவரை வைத்திருக்கும் நல்ல பதில் அந்த முப்பதுதான்.

ஆனால் கவனியுங்கள், அந்த முப்பது இருப்பது எங்கே? ஏசாயாவில் இல்லாத அந்த மூன்று வசனங்களில். வேதத்தை நிரூபிக்க நான் கொண்டுவந்த களிமண், எங்கள் ஆட்கள் தாண்டிப்போன பத்தியைத்தான் நிரூபிக்கிறது. அதைக் கவனிக்காமலே இத்தனை வருஷம் அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றி வந்திருக்கிறேன்.

இன்னொன்று தெரிந்தபோது இன்னும் வியப்பாக இருந்தது. எபிரேய மூலத்தில் இந்த மூன்று வசனங்களிலும் அரசனின் பெயர் ‘ஹிஸ்கியா’ என்று குறுகி நிற்கிறது. ரப்சாக்கே வந்து நிற்கும் 17ஆம் வசனத்திலிருந்து ‘ஹிஸ்கியாஹூ’ என்று நீள்கிறது. நம் மொழிபெயர்ப்பில் இரண்டுமே எசேக்கியாதான், அதனால் தமிழில் வாசிக்கிறவருக்கு இது கண்ணில் படாது. லெட்ஜரில் நடுப்பக்கத்தில் மை நிறம் மாறினால் நாங்கள் என்ன நினைப்போம்? அந்த வரிகளை எழுதிய கை வேறு. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அறிஞர்கள் இந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அரண்மனைக் குறிப்பிலிருந்தோ ஆலயக் கணக்கிலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியது போல வறண்ட நடை. யார் எவ்வளவு கொடுத்தார், எதை உரித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். ஜெபம் இல்லை, தீர்க்கதரிசி இல்லை. அதற்குப் பிறகுதான் பேச்சும் கண்ணீரும் அற்புதமும் கொண்ட நீண்ட கதை தொடங்குகிறது. பிற்காலத்தில் எழுதிய 2 நாளாகமம் 32ஐ எடுத்தால், தண்டம் சுத்தமாகக் காணாமல் போய்விடுகிறது. எசேக்கியா மதிலைக் கட்டுகிறார், தண்ணீரை அடைக்கிறார், படையைத் தைரியப்படுத்துகிறார். மன்னிப்புக் கேட்ட எசேக்கியா அங்கே இல்லவே இல்லை.

ராஜாக்கள் எழுதும் விதம்

நேர்மையாக இருக்க வேண்டுமானால் சனகெரிபின் புத்தகத்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். 46 பட்டணத்தைப் பிடித்தவன் தலைநகரை மட்டும் ஏன் பிடிக்கவில்லை? ‘கூண்டுப் பறவை’ என்பது நான் நினைத்தது போல அவன் சொந்தக் கற்பனையும் அல்ல. அவனுக்கு முன்னால் மூன்றாம் திக்லாத்பிலேசர், தமஸ்குவின் ராஜா ரேத்சீனை முற்றுகையிட்டபோதும் இதே உவமையைத்தான் எழுதினான். அந்தத் தடவையும் நகரம் உடனே விழவில்லை. பிடிக்க முடியாத ஊரைப் பற்றிச் சொல்ல அசீரிய எழுத்தர்கள் கைவசம் வைத்திருந்த வாக்கியம் அது. கப்பம் நினிவேக்கு ‘எனக்குப் பின்னால்’ வந்தது என்பதும் விநோதம். ஜெயித்த ராஜா பாளையத்தில் உட்கார்ந்து கண்ணெதிரே வாங்குவதுதானே வழக்கம்? இவன் அவசரமாக வீட்டுக்குப் போயிருக்கிறான், ஏன் என்று சொல்லவில்லை. கல்வெட்டு வாசித்துப் பழகிய தமிழருக்கு இந்தப் பாஷை புதிதல்ல. 1054இல் கொப்பத்துப் போரில் யானை மேலேயே வெட்டுண்டு இறந்த ராஜாதிராஜ சோழனை நம் கல்வெட்டுகள் ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்கின்றன. துஞ்சினார், தூங்கிவிட்டார். சனகெரிபின் எழுத்தரும் அந்த வர்க்கம்தான்.

அப்படியானால் அந்த ராத்திரி என்னதான் நடந்தது? கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தில் கேட்ட ஒரு கதையை எழுதியிருக்கிறார். சனகெரிபின் படை எகிப்து எல்லையில் பெலூசியத்தில் இறங்கியபோது, ராத்திரியோடு ராத்திரியாக வயல் எலிகள் புகுந்து அம்பறாத்தூணியையும் வில் நாணையும் கடித்துத் தின்றுவிட்டனவாம், படை ஓடிவிட்டதாம். எலி என்றதும் கொள்ளைநோய் என்று பிடித்துக்கொண்டு வேதத்தோடு கோத்துவிடுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் கோத்திருக்கிறேன். இடம் வேறு, எதிரி வேறு, கதை எழுதப்பட்டது இருநூற்றைம்பது வருஷம் கழித்து. என் ஆபீஸில் அந்த வவுச்சரை நான் பாஸ் பண்ண மாட்டேன். எண்ணிக்கையும் அப்படித்தான். ஒரே ராத்திரியில் லட்சத்தெண்பத்தையாயிரம் பேர் செத்தார்கள் என்பதை அப்படியே நம்புவது கடினம். ஆனால் அத்தான் சந்தோஷப்படும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன்: அசீரியன் பிடித்ததாகச் சொல்லும் 2,00,150 பேரும் அதே ரகம். அன்றைய யூதாவின் மொத்த ஜனமே அவ்வளவு இருந்திருக்காது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. ரெண்டு பக்கமும் சைபரை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

வேதத்தின் கணக்கில் வேறு ஓட்டைகளும் உண்டு. 2 இராஜாக்கள் 19இல் எத்தியோப்பியாவின் ராஜாவாகிய தீராக்கா படையெடுத்து வருகிறான் என்று செய்தி வருகிறது. அவன் ராஜா ஆனது கி.மு. 690இல்தான், பதினோரு வருஷம் கழித்து. இது பெரிய விஷயம் இல்லை. முதலமைச்சர் காமராஜர் விருதுநகரில் பிறந்தார் என்று நாம் சொல்வதில்லையா? அது போலப் பின்னால் எழுதியவர் பின்னால் வந்த பட்டத்தைச் சேர்த்துவிட்டார். ‘பதினாலாம் வருஷம்’ அப்படி எளிதாகத் தீராது. அது வரும் அதே 18ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா விழுந்தது எசேக்கியாவின் ஆறாம் வருஷம் என்று இருக்கிறது. சமாரியா விழுந்தது கி.மு. 722ஐ ஒட்டி. அப்படியென்றால் பதினாலாம் வருஷம் 714 ஆகவேண்டும், 701 அல்ல. பத்து வசனத்துக்குள் பதின்மூன்று வருஷம் உதைக்கிறது. அப்பாவும் மகனும் சேர்ந்து ஆண்ட வருஷங்கள், எழுத்துப் பிழை, இரண்டு படையெடுப்பு என்று எத்தனையோ விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், யாரும் யாரையும் முழுசாக ஒப்புக்கொள்ளவைக்கவில்லை.

ஆனால் சில விஷயங்களில் அந்த நீண்ட கதை சொல்லும் சின்னச் சின்னத் தகவல்கள் ஆச்சரியமாகப் பொருந்துகின்றன. தர்தான், ரப்சாரீஸ், ரப்சாக்கே மூன்றும் ஆட்களின் பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். மூன்றும் அசீரிய அரண்மனைப் பதவிகள். ரப்சாக்கே எருசலேம் அலங்கத்துக்கு வெளியே நின்று, அதிகாரிகளை விட்டுவிட்டு, மதில்மேல் இருக்கிற ஜனங்களுக்குக் கேட்க யூத பாஷையில் கத்துகிறான். “சீரிய பாஷையில் பேசுங்கள்” என்று அதிகாரிகள் கெஞ்சுகிறார்கள். இரண்டாயிரம் குதிரை தருகிறேன், ஏற உன்னிடம் ஆள் இருக்கிறதா என்று அவன் பந்தயம் கட்டுகிறான். நாடகத்துக்காக எழுதிய காட்சி என்றுதான் தோன்றும். ஆனால் அசீரியரின் பழைய தலைநகரான நிம்ரூத்தில் கிடைத்த ஒரு கடிதத்தில், அசீரிய அதிகாரிகள் பாபிலோனின் வாசலுக்கு வெளியே நின்று ஊர் ஜனங்களிடம் பேசிப் பார்த்ததைத் தங்கள் ராஜாவுக்கு எழுதியிருக்கிறார்கள். அது சனகெரிபுக்கு முப்பது வருஷம் முந்தைய கடிதம். அவர்கள் வேலை செய்யும் முறையே அதுதான்.

சனகெரிபின் சாவும் அப்படி. தோற்றுப்போனான், ஊருக்குப் போனான், மகன்கள் அத்ரமலேக்கும் சரேத்சேரும் வெட்டிக் கொன்றார்கள் என்று வேதம் அடுத்தடுத்த வசனத்தில் முடிக்கிறது. நடுவில் இருபது வருஷம் இருக்கிறது. அவன் செத்தது கி.மு. 681இல். பாபிலோனிய நாளேடு ஒரு மகன் கொன்றான் என்று மட்டும் சொல்கிறது, பெயர் இல்லை. அந்தப் பெயரை அசீரியக் கடிதம் ஒன்றிலிருந்து 1980இல் உறுதிசெய்தவர் பின்லாந்தின் சிமோ பார்போலா. பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆமாம், சிந்து எழுத்துக்காகவும் கோவை செம்மொழி மாநாட்டில் வாங்கிய விருதுக்காகவும் நமக்குத் தெரிந்த அஸ்கோ பார்போலாவின் சகோதரர்தான். கடிதத்தில் இருந்த பெயர் அர்தா முல்லிஸ்ஸு. எபிரேய நாக்கில் அது அத்ரமலேக் ஆகியிருக்கிறது. அத்தனை தூரத்தில் நடந்த அரண்மனைக் கொலையில் கொலைகாரனின் பெயர் இரண்டாயிரத்து அறுநூறு வருஷமாக நம் வீட்டு பைபிளில் கொஞ்சம் உச்சரிப்பு பிசகி இருந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து உண்டு, எனக்கே நேர்ந்தது. பொருந்துகிறவற்றை மட்டும் எண்ணிக்கொண்டே போனால் என் பழைய சார்ட் திரும்ப வந்துவிடும். எசேக்கியாவுக்கு மண்ணைச் சாட்சியாக அழைக்கிறவர் எக்காளம் ஊத மதில் விழுந்ததாக வேதம் சொல்லும் எரிகோவிலும் அதே மண்ணைக் கேட்க வேண்டும். 1930களில் ஜான் கார்ஸ்டாங் எரிகோவைத் தோண்டி, யோசுவா காலத்தில் விழுந்த மதிலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றார். உலகமெங்கும் பிரசங்கம் ஆனது. 1952 முதல் 1958 வரை காத்லீன் கென்யன் அதே மேட்டை இன்னும் கவனமாகத் தோண்டினார். அவர் அப்பா பிரெட்ரிக் கென்யன், பிரிட்டிஷ் மியூசியத்தின் இயக்குநராக இருந்த வேதாகம அறிஞர். வேதத்துக்கு விரோதமான வீடு என்று யாரும் சொல்ல முடியாது. கார்ஸ்டாங் காட்டிய மதில் யோசுவாவுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முந்தையது என்பதுதான் அவர் முடிவு. அதற்குப் பின் இருந்த பெரிய நகரமும் கி.மு. 1550 வாக்கில் எரிந்துபோயிருக்கிறது. எக்காளம் ஊதி விழவைக்க யோசுவா காலத்தில் அங்கே மதிலே இல்லை. இதற்கு நான் பதில் தேடிப் பார்த்தேன். கிடைத்தவை எல்லாம், லாபக் கணக்கை மட்டும் காட்டும் முதலாளி சொல்லும் சமாதானம் மாதிரி இருந்தன.

அத்தானிடம் ஒருநாள் போனிலேயே எரிகோவை ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “என்ன மாப்ள, விசுவாசம் போச்சா?” என்றார். போகவில்லை, பைபிள் ஒரே புத்தகம் இல்லை, அவ்வளவுதான் என்றேன். ஒரு கம்பெனியின் கிளைகள் மாதிரி, ஒரு கிளையின் கணக்கு சுத்தமாக இருப்பதால் மற்ற கிளைக்குக் கையெழுத்துப் போட முடியாது. ஒன்று குளறுபடி என்பதால் எல்லாவற்றையும் இழுத்து மூடவும் முடியாது. அத்தானுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. எங்கள் சபையில் இரண்டு மூப்பர்களுக்கும் பிடிக்கவில்லை. ஒரே காரணத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன்: இரு தரப்புக்கும் மொத்தமாக ஒரு ஆம் அல்லது மொத்தமாக ஒரு இல்லை வேண்டியிருந்தது.

லாகீஸ்

சில வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் லண்டன் போக வாய்த்தது. ஒரு சனிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடினேன். களிமண் தூணைப் பார்த்தேன். சார்ட்டில் நான் வரைந்ததைவிடச் சின்னதாக, அடக்கமாக இருந்தது. கொஞ்சம் நேரம் நின்றேன், போட்டோ எடுத்தேன். அதற்காகத்தான் போனேன், ஆனால் அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. நினிவே அரண்மனையில் ஒரு முழு அறையின் சுவரை ஆங்கிலேய அகழாய்வாளர் லேயார்ட் தோண்டியெடுத்தார் அல்லவா, அந்தக் கற்பலகைகளை இங்கே ஓர் அறையில் சுற்றி நிறுத்தியிருக்கிறார்கள். லாகீஸ் முற்றுகை.

சனகெரிபின் தூணில் லாகீசின் பெயர் கிடையாது. 46இல் ஒன்று. வேதத்திலும் போகிற போக்கில்தான் வரும், ராஜா லாகீசில் இருந்தான் என்று. ஆனால் அரண்மனையின் உள்ளறை முழுவதும் அந்த ஒரே ஊர். மண் மேடு போட்டு மதிலுக்கு ஏறுகிறார்கள். மதில்மேல் இருப்பவர்கள் தீப்பந்தம் எறிகிறார்கள். இடிக்கும் இயந்திரம் எரிந்துவிடாமல் ஒருவன் நீண்ட அகப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். கீழே வாசல் வழியாக மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் வெளியே வருகிறார்கள். மாட்டுவண்டியில் பெண்கள், குழந்தைகள். ஓரத்தில் மூன்று ஆண்களைக் கழுவில் ஏற்றியிருக்கிறார்கள். தள்ளிப்போனால் சிம்மாசனத்தில் சனகெரிப், கொள்ளைப்பொருள் முன்னால் வரிசையாகப் போகிறது. அவன் முகத்தை மட்டும் பின்னால் யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். எருசலேமைப் பிடித்திருந்தால் இந்த அறையில் எருசலேம் இருந்திருக்கும், லாகீஸ் இருந்திருக்காது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது சரி என்றே படுகிறது.

அந்த மண்மேடு இன்றும் அங்கே இருக்கிறது. டேவிட் உசிஷ்கின் 1973 முதல் இருபது வருஷம் அங்கே தோண்டினார். அம்பு முனைகள், கவண்கற்கள், மதிலுக்கு உள்ளே பதிலுக்கு அவசரமாகப் போட்ட இன்னொரு மேடு, எல்லாம் கிடைத்தன. அவருக்கு முன்னால் 1930களில் ஸ்டார்க்கியின் குழு, பக்கத்துக் குகைகளில் சுமார் 1,500 பேரின் எலும்புகளைக் கண்டது. பெரும்பாலும் அந்த முற்றுகையில் செத்தவர்களாக இருக்க வேண்டும். எசேக்கியா ‘நான் குற்றஞ்செய்தேன்’ என்று ஆள் அனுப்பியது இந்த ஊருக்குத்தான். அவர் தூதர் அந்த மண்மேட்டைத் தாண்டித்தான் ராஜாவின் கூடாரத்துக்குப் போயிருக்க வேண்டும். எங்கள் ஞாயிறு பள்ளியில் நாங்கள் கைதட்டிக் கேட்ட கதையில் தப்பிய ஊர் ஒன்று. தப்பாத ஊர் நாற்பத்தாறு. அவர்கள் மதில்மேலும் யாரோ ஜெபித்திருப்பார்கள்தானே. அந்த அறையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நிரூபணம் தேடிப் போனவனுக்கு அதைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை.

இந்த மே மாதம் மறுபடி பெரிய பிள்ளைகள் வகுப்பு என் தலையில் விழுந்தது. சார்ட் எதுவும் எழுதவில்லை. பழையபடி இரண்டு அணி, இராஜாக்கள் ஒரு பக்கம், ஏசாயா ஒரு பக்கம். 14ஆம் வசனம் வந்தது. ஏசாயா அணி பக்கத்தைப் புரட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. புது வேதாகமத்தில் பக்கம் விட்டுப்போயிருக்குமோ என்று ஒருவன் பக்கத்து எண்ணைச் சரிபார்த்தான். அப்புறம் அவர்களே பேச ஆரம்பித்தார்கள். ராஜா பொய் சொன்னாரா, எழுதினவர் மறைத்தாரா, வெட்கமாக இருந்திருக்குமா, காசு வாங்கியும் சனகெரிப் ஏன் திரும்பப் படை அனுப்பினான் என்று ஒரே சத்தம். போனில் லாகீஸ் படங்களை எடுத்துக் காட்டினேன். அந்தத் தண்ணீர் ஊற்றுகிறவனைத்தான் எல்லாருக்கும் பிடித்தது. மாட்டுவண்டியில் இருந்த பிள்ளைகளைப் பார்த்த பிறகு கொஞ்சம் அடங்கினார்கள்.

வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போதகர் ஐயா வந்தார். பிள்ளைகள் சத்தம் ஆலயம்வரை கேட்டதாம். “என்ன பாடம் இன்னைக்கு?” என்றார். எசேக்கியா என்றேன். “நல்லது. தேவதூதன் வரைக்கும் போனீங்களா?”

“இல்ல ஐயா. லாகீஸ்லயே மணி அடிச்சிட்டு.”